உடை மாறலாம், விரதம் மாறலாமா? சித்திரக்கதை நாயகர்களும் திரைப்பட மறுதொடக்கங்களும்

ஒரு நாயகனைப் பற்றி ஏற்கெனவே வந்த படங்களைத் தொடராமல், அவன் கதையை அடியிலிருந்து புதிதாகச் சொல்லத் தொடங்கும் படம் மறுதொடக்கப் படம் எனப்படும். பேச்சு வழக்கில் இதை 'ரீபூட்' என்றே சொல்கிறோம். மீநாயகர்கள், அதாவது சூப்பர் ஹீரோக்கள், நடிக்கும் படங்களில் இது இன்று இயல்பான வழக்கமாகிவிட்டது. 2002இல் டோபி மக்வயர், 2012இல் ஆண்ட்ரூ கார்ஃபீல்டு, 2016இல் டாம் ஹாலண்டு என்று பதினைந்து ஆண்டுகளுக்குள் மூன்று பேர் ஸ்பைடர்மேன் உடையை அணிந்தார்கள். 1989 முதல் 2022 வரை பேட்மேனாக ஆறு பேர் முதன்மை வேடம் ஏற்றிருக்கிறார்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே வழக்கு எழுகிறது: 'இவன் நாங்கள் புத்தகத்தில் படித்தவன் இல்லை.' உடையின் நிறம், முகமூடியின் காது, வலை கையிலிருந்து வருகிறதா கருவியிலிருந்து வருகிறதா என்று பட்டியல் நீளும். இந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை தவறான இடத்தில் அளவெடுக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. நாயகனுக்கு உண்மையாக இருப்பதை அளக்க நம்மிடமே ஓர் அளவுகோல் இருக்கிறது. அது புதுச்சேரி, விழுப்புரம் வட்டாரத்தின் தெருக்கூத்து மேடையில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. அதைக் கொண்டு அமெரிக்கப் படங்களையும் தமிழ்ப் படங்களையும் இங்கே பார்க்கலாம்.

மூலம் என்பது எது?

'மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும்' என்று கேட்பவர் முதலில் எந்த மூலத்துக்கு என்று சொல்ல வேண்டும். ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் படைத்த சூப்பர்மேன் 1938இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வந்தபோது அவனுக்குப் பறக்கத் தெரியாது. ஒரே தாவலில் ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் போவான், அவ்வளவுதான். அவன் பறப்பவனாக நிலைபெற்றது 1940களின் வானொலித் தொடராலும் ஃப்ளெய்ஷர் நிறுவனத்தின் அனிமேஷன் படங்களாலும். அவனை வீழ்த்தும் கிரிப்டோனைட் கல் மக்களுக்கு அறிமுகமானது 1943இல், அதுவும் வானொலியில். ஆக, இன்று 'மூலம்' என்று நாம் பாதுகாக்க நினைப்பதில் ஒரு பகுதி, வேறு ஊடகங்கள் செய்த மாற்றமே.

பேட்மேன் கதையும் இப்படித்தான். 1939இல் பாப் கேன், பில் ஃபிங்கர் இருவரும் உருவாக்கியபோது அவன் சில கதைகளில் துப்பாக்கி வைத்திருந்தான், ஆட்களைக் கொல்லவும் செய்தான். கொல்லாமை அவனுடைய விரதமானது அதற்குப் பிறகு, ஆசிரியர் குழுவின் முடிவால். இன்று பேட்மேன் கொன்றால் வாசகர்கள் கொதிப்பது அந்த இரண்டாவது பேட்மேனுக்காக.

ஸ்பைடர்மேன் விஷயம் இன்னும் வேடிக்கையானது. ஆற்றலையும் பொறுப்பையும் இணைத்துப் பேசும் அந்தப் புகழ்பெற்ற வாசகத்தைச் சொன்னவர் பென் மாமா என்று எல்லோரும் நம்புகிறோம். 1962 ஆகஸ்டு தேதியிட்ட முதல் கதையில் அதை அவர் சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் குரலாக அது வருகிறது. 2002ஆம் ஆண்டுப் படம் அதைப் பென் மாமாவின் வாயில் வைத்தது. 2021ஆம் ஆண்டுப் படம் மே அத்தையின் வாய்க்கு மாற்றியது. அப்போது 'மாற்றிவிட்டார்களே' என்று வருந்தியவர்கள் முந்தைய மாற்றத்தையே மூலமாகக் கருதியிருந்தார்கள்.

பிரெஞ்சு மொழிச் சித்திரக்கதைகளும் இதற்கு விலக்கல்ல. 1946இல் மோரிஸ் படைத்த லக்கி லூக்கின் உதட்டில் எப்போதும் ஒரு சிகரெட் தொங்கும். 1983இல் அது ஒரு புல் தண்டாக மாறியது. அதற்காக அவன் லக்கி லூக் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே மாற்றம் நடந்ததா என்று கேட்டுப் பயனில்லை. எந்த மாற்றத்தை நாயகன் தாங்குவான், எதைத் தாங்க மாட்டான் என்று கேட்பதே பயன் தரும்.

ஒரே ஊரில் இரண்டு வாசிப்பு

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் புதுச்சேரி நல்ல இடம். 1826இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே பள்ளி, 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்டு நூலகம், 1889இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் ஆகியவை இருக்கும் ஊர் இது. பிரெஞ்சு வழியில் படித்தவர்கள் அஸ்தெரிக்ஸையும் லக்கி லூக்கையும் அந்த மொழியிலேயே படித்து வளர முடிந்தது. அதே தெருவில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்குச் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் சென்னையிலிருந்து வந்த ராணி காமிக்ஸும் கிடைத்தன. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சில சமயம் ஒரே நாயகனை வெவ்வேறு பெயரில் அறிந்திருந்தார்கள்.

ஷார்லியே எழுத, ழான் ஜிரோ வரைந்து 1963இல் 'பிலோத்' இதழில் தொடங்கிய 'ப்ளூபெரி' தொடரை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சில் படித்தவருக்கு அவன் லெப்டினன்ட் ப்ளூபெரி. தமிழில் படித்தவருக்கு அவன் கேப்டன் டைகர். 'தங்கக் கல்லறை', 'மின்னும் மரணம்' என்ற தலைப்புகளைச் சொன்னாலே தமிழ் காமிக்ஸ் வாசகருக்கு அவன் முகம் நினைவுக்கு வந்துவிடும். பெயரும் பதவியும் மாறியபோதும் ஆள் மாறவில்லை. உடைந்த மூக்கு, கசங்கிய சட்டை, சூதாட்டம், குடி, மேலதிகாரியின் உத்தரவை மீறும் துணிச்சல், செவ்விந்தியர்களிடம் வைத்திருக்கும் நேர்மை எல்லாம் அப்படியே இருந்தன.

2004இல் பிரான்சில் வந்த 'ப்ளூபெரி' படத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. பெயர் அப்படியே இருந்தது, ஆள் இல்லை. ழான் கூனன் இயக்கி வின்சன்ட் கஸல் நடித்த அந்தப் படம், நாயகனை ஒரு மார்ஷலாக்கி, மந்திரச் சடங்கும் மயக்கக் காட்சிகளுமாக நீண்ட உள்முகப் பயணம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டது. அந்தக் காட்சிகளுக்குத் தனி அழகு உண்டு. ஆனால் அதிகாரத்தோடு மல்லுக்கட்டும் அந்த அழுக்குச் சட்டைக்காரன் அதில் இல்லை. பெயரை மாற்றிய தமிழ் மொழிபெயர்ப்பு நாயகனுக்கு உண்மையாக இருந்தது. பெயரைக் காப்பாற்றிய பிரெஞ்சுப் படம் அப்படி இல்லை. உண்மைத்தன்மை என்பது வெளி அடையாளம் சார்ந்தது அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பெயர்க் குழப்பத்துக்கு இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு 'மாயாவி'. ராணி காமிக்ஸ் வாசகருக்கு மாயாவி என்றால் லீ ஃபால்க் 1936இல் படைத்த முகமூடி வீரர் ஃபேன்டம். முத்து காமிக்ஸ் வாசகருக்கு மாயாவி என்றால் இரும்புக்கைக்காரர். ஒரே பெயரில் இரண்டு நாயகர்கள் இருந்தும் வாசகர் குழம்பவில்லை. காட்டில் மண்டை ஓட்டுக் குகையில் வாழ்பவர் யார், மின்சாரம் பாய்ந்தால் மறைபவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

இரும்புக்கை மாயாவியின் பல பிறவிகள்

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது 1962 ஆகஸ்டு 16. அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் 'தி ஸ்டீல் க்ளா' தொடர் தொடங்கியது. கென் பல்மர் எழுதினார், பின்னர் டாம் டல்லி. ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். பத்தாண்டு கழித்து, 1972இல், முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வெளிவந்தது. தமிழ்ச் சித்திரக்கதை வாசிப்பில் ஒரு தலைமுறையை உருவாக்கிய பெயர் அது.

கதையின் அடிப்படை எளிது. லூயிஸ் கிராண்டல் ஓர் ஆய்வக உதவியாளர். விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். உயர் மின்னழுத்தம் பாயும்போது அவர் உடல் முழுதும் கண்ணுக்கு மறைந்துவிடும், எஃகுக் கை மட்டும் மறையாது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலருக்கு நினைவில் இல்லாத பகுதி அடுத்தது. பிரிட்டனில் வந்த முதல் கதையில் கிராண்டல் நல்லவர் அல்ல. கிடைத்த ஆற்றலைத் திருட்டுக்கும் அழிவுக்கும் பயன்படுத்துகிறார். பின்னர்தான் திருந்தி, நிழற்படை என்ற உளவு அமைப்பில் சேர்கிறார். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க மீநாயகர்களின் மவுசைப் பார்த்து அவருக்கு ஒரு விசேஷ உடையும் மாட்டிவிட்டார்கள். அது நெடுநாள் நீடிக்கவில்லை, உடையைக் கழற்றிவிட்டுப் பழைய வழிக்கே திரும்பினார். எந்தப் படமும் வருவதற்கு முன்பே, புத்தகத்துக்குள்ளேயே அவர் இரண்டு மூன்று முறை மறுதொடக்கம் செய்யப்பட்டுவிட்டார்.

இத்தனை மாற்றத்திலும் மாறாதது ஒன்று உண்டு. அவர் முழுமையாக மறைய முடியாது. கை தெரியும். மறைவதற்கு மின்சாரம் வேண்டும், அதன் விசை தீர்ந்தால் உடல் வெளிப்பட்டுவிடும். எத்தனை கதைகளில் காற்றில் மிதக்கும் அந்த ஒற்றைக் கையைப் பார்த்துக் காவலாளி அலறியிருக்கிறான்! எத்தனை முறை ஆபத்தின் நடுவில் ஒரு மின்கம்பியைத் தேடி அவர் ஓடியிருக்கிறார்! அந்தக் குறைதான் கதையை நகர்த்தியது. ஆற்றல் எங்கிருந்து வந்ததோ அதே இழப்பிலிருந்து அந்தக் குறையும் வந்தது. கை போனதால் கிடைத்த வரம், கையாலேயே காட்டிக்கொடுக்கப்படுகிறது. இதுதான் மாயாவி. மற்றவை எல்லாம் சட்டை.

கூத்து மேடை தரும் அளவுகோல்

புதுச்சேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது பாரதக் கூத்து நடக்கும். ஒரே கதை ஆண்டுதோறும் புதிய குழுவால், புதிய ஆட்டக்காரர்களால் மறுபடி தொடங்கப்படுகிறது. ஒவ்வோர் இரவும் ஒரு மறுதொடக்கம்தான். 'கர்ண மோட்சம்' கூத்தைப் பார்க்கிறவர்கள் அதில் எதை அனுமதிக்கிறார்கள், எதை அனுமதிப்பதில்லை என்று கவனித்தால் நமக்கு வேண்டிய அளவுகோல் கிடைத்துவிடும்.

கூத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவி. வியாசர் பாரதத்தில் அப்படி ஒருத்தி இல்லை. அவள் கணவனின் பிறப்பை இழிவாக நினைப்பதும், போருக்குப் போகும் முன் இருவருக்கும் இடையே நடக்கும் வாதமும் நம் மண்ணின் சேர்க்கை. 1964இல் பி. ஆர். பந்துலு இயக்கி சிவாஜி கணேசன் நடித்த 'கர்ணன்' படத்தில் மனைவியின் பெயர் சுபாங்கி. இரண்டையும் பார்த்தவர் யாரும் பெயர் மாறிவிட்டது என்று கொடிபிடிக்கவில்லை. கட்டியங்காரன் நடுவில் வந்து ஊர்க் கதை பேசினாலும், கர்ணனின் கிரீடத்தில் பளபளக்கும் காகிதம் ஒட்டியிருந்தாலும் ஒன்றும் குறையாது. ஆனால் கேட்டவருக்குக் கர்ணன் இல்லை என்று சொல்லட்டும், அல்லது தாய் வந்து அழைத்ததும் துரியோதனனை விட்டுவிட்டுப் போகட்டும். பாயில் உட்கார்ந்திருக்கும் கிழவி முதல் ஆளாக எழுந்துவிடுவாள்.

அவள் காப்பாற்ற நினைப்பது கர்ணனின் விரதத்தை. கொடுப்பது அவன் விரதம், நன்றி மறவாமை அவன் விரதம், இரண்டுக்கும் அவன் உயிரையே விலையாகத் தருகிறான். விரதமும் அதற்கு அவன் கொடுக்கும் விலையும் இருக்கும்வரை அவன் கர்ணன். 1991இல் வந்த மணிரத்னத்தின் 'தளபதி' இதற்கு நல்ல சோதனை. கர்ணனாகிய சூர்யா கடைசியில் சாகவில்லை, துரியோதனனாகிய தேவாதான் சாகிறான். கதையின் முடிவே தலைகீழ். இருந்தும் ரஜினிகாந்தின் சூர்யாவைக் கர்ணனாகவே நாம் ஏற்றோம். பெற்றவள் யார், தம்பி யார் என்று தெரிந்த பிறகும் அவன் நண்பனை விட்டுப் போகவில்லை என்பதே காரணம்.

இந்த அளவுகோலை இரண்டு கேள்விகளாகச் சுருக்கலாம். இந்த நாயகன் எதைச் செய்ய மாட்டான், அல்லது எதைச் செய்யாமல் இருக்க மாட்டான்? அதற்காக அவன் எதை இழக்கிறான்?

அளந்து பார்த்தால்

சூப்பர்மேனிலிருந்து தொடங்கலாம். 2013இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தின் இறுதியில் அவன் எதிரி ஸாடின் கழுத்தை முறித்துக் கொல்கிறான். பெரும் சர்ச்சை எழுந்தது. படத்தின் ஆதரவாளர்கள் ஒரு பழைய இதழை எடுத்துக் காட்டினார்கள். 1988இல் ஜான் பர்ன் எழுதிய கதையிலும் சூப்பர்மேன் ஸாடைக் கொல்கிறான். வாதம் சரிதான். ஆனால் அந்தக் கதைக்குப் பின் புத்தகத்தில் நடந்தது என்ன? குற்றவுணர்வு தாங்காமல் அவன் மனம் சிதறி, பூமியை விட்டே தன்னை நாடுகடத்திக்கொள்கிறான். படத்திலோ ஓர் அலறல் வருகிறது, சில நிமிடங்களில் அவன் புன்னகையோடு பத்திரிகை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்கிறான். செயல் மூலத்தில் இருக்கிறது. விலை படத்தில் இல்லை. என் அளவுகோலில் அந்தப் படம் தவறுவது கொலையால் அல்ல, அதை அவ்வளவு மலிவாக்கியதால்.

2025இல் ஜேம்ஸ் கன் இயக்கிய 'சூப்பர்மேன்' படம் இதற்கு மறுபக்கம். ஒரு பெரும் விலங்கோடு நகர நடுவில் சண்டை நடக்கும்போது அவன் ஓர் அணிலைத் தூக்கி அப்பால் விடுகிறான். சிலருக்கு அது சிரிப்பாக இருந்தது. அணிலுக்கு முதுகில் கோடு போட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது புதிதல்ல. எந்த உயிரும் கணக்கில் விடுபடக் கூடாது என்பது அவன் விரதம். உடையும் நாயும் சரியாக வந்ததைவிட, அந்த அணில்தான் படத்தின் உண்மைக்குச் சாட்சி.

ஸ்பைடர்மேனுக்கு வருவோம். சாம் ரெய்மியின் 2002ஆம் ஆண்டுப் படத்தில் வலை அவன் மணிக்கட்டிலிருந்தே சுரந்தது. புத்தகத்தில் அது அவன் வீட்டில் செய்த கருவி. ஒரு ஏழைச் சிறுவனின் புத்திக்கூர்மை அதில் போய்விட்டது என்ற குறை நியாயமானது. ஆனால் 2004ஆம் ஆண்டு இரண்டாம் பாகத்தைப் பாருங்கள். வாடகை பாக்கி, பீட்சா கொடுக்கப் போய்த் தாமதமாகி வேலை போதல், காதலியின் நாடகத்துக்குப் போக முடியாமை என்று ஒவ்வொரு நற்செயலுக்கும் அவன் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுக்கிறான். வலை மாறியது, ஆள் மாறவில்லை.

2012ஆம் ஆண்டுப் படம் வலைக் கருவியைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த வகையில் புத்தகத்துக்கு நெருக்கம். ஆனால் இறக்கும் தறுவாயில் க்வென் ஸ்டேசியின் தந்தை, மகளைவிட்டு விலகியிருக்கும்படி கேட்ட வாக்கைக் கொடுத்துவிட்டு, படம் முடியும்போது ஒரு விளையாட்டுப் பேச்சோடு அதை அவன் கைவிடுகிறான். வாக்குத் தவறியதை அழகான காதல் முடிவாகப் படம் காட்டுகிறது. 2014இல் வந்த அடுத்த பாகத்தில், 1973ஆம் ஆண்டுப் புத்தகத்தில் நடந்தபடியே க்வென் இறக்கிறாள். முதல் படம் ஏய்த்த விலையை இரண்டாம் படம் வட்டியோடு வசூலித்தது.

மார்வெல் நிறுவனத்தின் சொந்தத் தொடரில் நடந்தது வேறு வகை. டாம் ஹாலண்டின் பீட்டருக்குக் கோடீஸ்வரர் டோனி ஸ்டார்க் உடை தருகிறார், கருவி தருகிறார், வழிகாட்டுகிறார். பையன் கலகலப்பானவன், நடிப்பிலும் குறையில்லை. ஆனால் தையல் பிரிந்த உடையைத் தானே தைத்துக்கொள்ளும் தனியன் அங்கே இல்லை. 2021இல் வந்த 'நோ வே ஹோம்' இதை உணர்ந்தது போல முடிகிறது. உலகமே தன்னை மறக்கும்படி அவன் கேட்கிறான். கடைசியில் ஒரு சிறிய வாடகை அறை, ஒரு தையல் இயந்திரம், தானே தைத்த உடை. மூன்று படங்கள் சுற்றி அவன் தன் வறுமைக்கு வந்து சேர்கிறான். அந்தக் கணத்தில்தான் அவன் ஸ்பைடர்மேன் ஆகிறான்.

பேட்மேன் இந்த அளவுகோலுக்கே ஒரு சோதனை. 1989இல் டிம் பர்ட்டன் எடுத்த படத்தில் அவன் கொல்கிறான், ஆனாலும் அது பலர் விரும்பும் படம். 2016ஆம் ஆண்டின் 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' படத்திலும் அவன் கொல்கிறான், அதை வாசகர்கள் மன்னிக்கவில்லை. அப்படியானால் விரதம் முக்கியமில்லையா? இங்கே இரண்டு கேள்விகளைப் பிரிக்க வேண்டும். படம் நன்றாக இருக்கிறதா என்பது ஒன்று. நாயகனுக்கு உண்மையாக இருக்கிறதா என்பது வேறு. பர்ட்டனின் படம் அழகானது, அதன் நகரம் இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆனால் அதிலுள்ளவன் விரதம் பூண்ட பேட்மேன் அல்ல. விருப்பத்தையும் தீர்ப்பையும் கலந்துவிட்டால் விமர்சனம் ரசிகர் சண்டையாகிவிடும். 2022இல் மேட் ரீவ்ஸ் எடுத்த 'தி பேட்மேன்' இந்த விரதத்தையே கதையாக்கியது. பழிவாங்கலே தன் பெயர் என்று தொடங்குபவன், வெள்ளத்தில் சிக்கிய மக்களுக்கு விளக்கைப் பிடித்து வழிகாட்டுபவனாக முடிகிறான்.

தமிழ்த் திரையில்

மிஷ்கின் இயக்கத்தில் ஜீவா நடித்து 2012இல் வந்த 'முகமூடி' தமிழில் மீநாயகப் படம் எடுக்கும் நேரடி முயற்சி. குங்ஃபூ பயிற்சிக் காட்சிகளில் அக்கறை தெரிந்தது. இரவு நேரச் சென்னை அழகாக இருந்தது. ஆனாலும் படம் நிற்கவில்லை. நாயகன் முகமூடியை முதலில் மாட்டுவது காதலிக்காகவும் விளையாட்டாகவும். பிறகு சூழ்நிலை அவனைத் தள்ளுகிறது. அவன் எதைச் செய்ய மாட்டான் என்று படம் முடிந்த பிறகும் நமக்குத் தெரியாது. மேலைச் சித்திரக்கதையிலிருந்து உடை வந்தது, விரதம் வரவில்லை.

2023இல் இரண்டு படங்கள் வேறு வழிகளில் இதைத் தீர்த்தன. ஹிப்ஹாப் தமிழா ஆதி நடித்த 'வீரன்' படத்தில் மின்னல் தாக்கி ஆற்றல் பெற்ற இளைஞன், ஊரைக் காக்க ஊர்க்காவல் தெய்வத்தின் வேடத்தை ஏற்கிறான். மீநாயகன் என்ற கருத்து நமக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, எல்லையில் குதிரையோடு நிற்கிறான் என்று படம் சொன்னது. காவல் தெய்வத்துக்கு விரதம் ஏற்கெனவே உண்டு: எல்லையை விட்டுப் போகக் கூடாது. படம் முழுதும் சீராக இல்லை. அந்தக் கண்டுபிடிப்பு மட்டும் நிற்கும்.

மடோன் அஸ்வின் இயக்கிய 'மாவீரன்' இன்னும் கூர்மையானது. அதன் நாயகன் சத்யா ஒரு சித்திரக்கதை ஓவியன். அவன் வரையும் தொடரில் வீரன் அஞ்சாதவன், வரைபவனோ அஞ்சி அஞ்சிச் சாகிறவன். குடிசையிலிருந்து அவன் குடும்பத்தை மாற்றிக் குடியேற்றிய அடுக்குமாடி வீடு கை வைத்தாலே உதிர்கிறது. ஒரு விபத்துக்குப் பின் அவன் காதில் மட்டும் ஒரு குரல் கேட்கிறது, அது அவனை வீரனாக வைத்துக் கதை சொல்கிறது. சித்திரக்கதை நாயகனுக்குத் திரை நாயகன் உண்மையாக இருக்கிறானா என்ற நம் கேள்வியையே இந்தப் படம் கதைக்கருவாக எடுத்துக்கொண்டது. சிவகார்த்திகேயன் வழக்கமான சாகச நாயகனாகப் பாய்ந்திருந்தால் படம் செத்திருக்கும். அவர் கடைசிவரை பயப்படுகிறார். பயத்தோடு நிற்பதுதான் அவன் கொடுக்கும் விலை.

இரண்டு மறுப்புகள்

இந்த அளவுகோலை நோக்கி இரண்டு கேள்விகள் வரலாம். விரதம் என்று நீங்கள் சொல்வது வாசகரின் ஊகம்தானே, ஆளுக்கு ஆள் மாறாதா? மாறும். அதனால்தான் விமர்சனம் தேவைப்படுகிறது. ஆனால் ஒரு நாயகன் நூறு கதைகளில் எதற்காகத் தோற்கிறான், எதை விடாமல் பிடித்திருக்கிறான் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்.

இரண்டாவது கேள்வி கனமானது. நாயகனுக்கு உண்மையாக இருப்பதைப் பேசுகிறோம், படைத்தவனுக்கு யார் உண்மையாக இருந்தார்கள்? சீகலும் ஷஸ்டரும் சூப்பர்மேனை 130 டாலருக்கு விற்றார்கள். 1978ஆம் ஆண்டுப் பெரும்படம் வருவதற்கு முன், 1975இல் அவர்கள் பொதுவெளியில் முறையிட்ட பிறகே ஆண்டுக்கு ஆளுக்கு 20,000 டாலரும் பெயர்க் குறிப்பும் கிடைத்தன. பில் ஃபிங்கர் 1974இல் இறந்தார். பேட்மேன் படைப்பாளியாக அவர் பெயர் முறைப்படி சேர்க்கப்பட்டது 2015இல்.

தமிழ் வாசகருக்கும் இதில் பங்கு உண்டு. லயன் காமிக்ஸில் நாம் கொண்டாடிய 'ஸ்பைடர்', குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கிப் பின் திருந்தியவன். அவன் கதைகளில் பலவற்றை எழுதியவர் அதே ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் பெற்ற கைதான் ஸ்பைடரையும் எழுதியது என்பது அன்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் மொழியில் அந்த வசனங்களைப் பேச வைத்த மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்களும் வாசகருக்குப் பெரிதாகத் தெரியாது. நாயகனின் உடைக்காகச் சண்டையிடும் நேரத்தில் கால்வாசியை இந்தப் பெயர்களுக்குச் செலவிட்டால் அதுவும் ஒரு வகை உண்மைத்தன்மை.

வரப்போகும் மாயாவி

லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் ஒரு படம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. அது எப்போது, எந்தக் கதையோடு வந்தாலும், முதல் சுவரொட்டி வெளியாகும் நாளிலேயே வழக்குத் தொடங்கிவிடும். கை சரியில்லை, முகம் சரியில்லை, கிராண்டல் என்ற பெயர் ஏன் இல்லை என்பார்கள். அந்த நாயகன் லண்டனில் இருக்கட்டும், ராயபுரத்தில் இருக்கட்டும். முதல் பாதியில் கெட்டவனாகவே இருந்தாலும் பாதகமில்லை, பிரிட்டிஷ் மூலத்தில் அவன் அப்படித்தான் தொடங்கினான்.

கவனிக்க வேண்டியது வேறு. இன்றைய கணினி வரைகலையால் ஒருவனை முழுமையாக மறைப்பது எளிது. மின்சாரம் தீராத கை ஒன்றைச் செய்து கொடுப்பதும் எளிது. அந்தக் கையிலிருந்து நூறு ஆயுதங்கள் பாயலாம், அரங்கம் கைதட்டலாம். ஆனால் ஆற்றல் தீர்ந்து அவன் நடுத்தெருவில் வெளிப்படும் பயமும், தான் இழந்த கையே தன்னைக் காட்டிக்கொடுக்கும் துயரமும் அந்தப் படத்தில் இல்லையென்றால், 1972 முதல் தமிழ் வாசகர் அறிந்த ஆள் அதில் இல்லை. அவை இருந்தால், உடை எந்த நிறமாக இருந்தாலும் மாயாவி வந்துவிட்டார் என்று கொள்ளலாம்.